கடைசியாகத் தெரிவானவர் எப்படி முதல் ஆளானார்? புரொக் பேர்டியைப் பற்றி ஒரு கேள்வி

உவர்மலையான் (திருகோணமலை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். துடுப்பாட்டத்தைத் தவிர வேறு எந்த விளையாட்டையும் ஒழுங்காகப் பின்தொடர்ந்தவன் அல்லன் நான். உதைபந்தாட்டம் என்றால் மக்கெய்சர் மைதானத்தில் மாலை வேளைகளில் வேலியோரம் நின்று பார்த்ததோடு சரி. அமெரிக்கர்கள் அதே பெயரில் கையால் எறிந்து ஆடும் விளையாட்டைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாமல் இருந்தது. ரொறன்ரோவில் வளரும் என் அக்காவின் மகன் இந்த முறை பாடசாலை விடுமுறைக்கு வந்து எங்களோடு தங்கும்வரை.

மருமகனுக்குப் பதினாறு வயது. பாடசாலை அணியில் பந்தை எறிகிற குவாட்டர்பேக் என்ற இடத்தில் ஆடுவதாகச் சொல்கிறான். படிப்பைப் பற்றி அக்கா வாய் திறந்தால் போதும், புரொக் பேர்டி என்ற ஒரு பெயரை எடுத்து முன்னால் வைத்துவிடுகிறான். 2022ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழில்முறை அணிகள் தெரிவு செய்த 262 பேரில் 262ஆவது ஆளாக எடுக்கப்பட்ட ஒருவர், அடுத்த பருவகாலத்திலேயே இறுதிப் போட்டிக்கே அணியைக் கொண்டுபோனார் என்பதும், ஆகவே யாருக்கும் எதுவும் நடக்கலாம் என்பதும் அவனுடைய வாதம். ஒல்லாந்தர் குடாக் கடற்கரையில் இருந்தபடி கைப்பேசியில் காணொளிகளையும் காட்டினான். எனக்கு விளங்கியது, ஒருவர் பந்தை எறிகிறார், பலர் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள் என்பது மட்டுமே.

நான் கேட்க விரும்புவது இதுதான். இந்தக் கதை அவன் சொல்வதுபோலவே நடந்ததா? நடந்தது என்றால், அத்தனை நிபுணர்கள் இருந்து தெரிவு செய்யும் இடத்தில் ஒரு நல்ல ஆட்டக்காரரை 261 தடவை தாண்டிப் போக எப்படி முடிந்தது? அக்கா என்னிடம் பதில் கேட்டிருக்கிறார்; தெரியாத விடயத்தில் தாய்மாமன் என்ற உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு புத்தி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

நிலாவெளி நேயர் எழுதியது:

உவர்மலை அண்ணாவுக்கு வணக்கம். நான் கலிபோர்னியாவில், சான்ஹோசே நகரத்தில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன். பேர்டி ஆடும் ஃபோர்ட்டி நைனர்ஸ் அணி பெயரளவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு உரியது என்றாலும் அதன் மைதானம் சான்ஹோசேக்குப் பக்கத்திலுள்ள சான்டா கிளாராவில்தான் இருக்கிறது. ஆகவே அங்கே இருந்த காலத்தில் அந்த அணியைத் தவிர்ப்பது இயலாத காரியம். இங்கே வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. 2024 பெப்ரவரி 12ஆம் திகதி, நமக்குத் திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அந்த இறுதிப் போட்டியைப் பார்த்து, தோல்வியைத் தாங்கிக்கொண்டு வேலைக்குப் போனவர்களில் நானும் ஒருவன்.

உங்கள் மருமகன் சொன்னதில் பொய் இல்லை. ஆண்டுதோறும் அணிகள் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக, முறை வைத்துத் தெரிவு செய்யும். அந்தத் தெரிவின் கடைசி ஆளுக்கு ‘மிஸ்டர் இர்ரெலவன்ட்’ என்று ஒரு பட்டம் உண்டு; ‘தேவைப்படாதவர்’ என்று வைத்துக்கொள்ளலாம். 1976இலிருந்து அந்தக் கடைசி ஆளைக் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சுக்கு அழைத்து விருந்து வைத்து, பந்தைக் கைநழுவ விடுகிற ஓர் ஆட்டக்காரரின் உருவம் கொண்ட கிண்ணத்தையும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். கேலியும் அன்பும் சரிபாதி கலந்த வழக்கம். அப்படிப் பட்டம் பெற்றவர்களில் பலர் ஓரிரு ஆண்டுகளில் காணாமல் போனார்கள்.

பேர்டி அணிக்குள் வந்தபோது அவருக்கு முன்னால் இருவர் இருந்தனர். ஒருவர் ட்ரே லான்ஸ். 2021 தெரிவில் மூன்றாவது ஆளாக இவரை எடுப்பதற்காக அணி முதற்சுற்றில் ஆளெடுக்கும் தன் உரிமைகள் மூன்றை மயாமி அணிக்கு விட்டுக்கொடுத்திருந்தது. மற்றவர் ஜிம்மி கரோப்போலோ, அனுபவசாலி. 2022 செப்டெம்பரில், பருவகாலத்தின் இரண்டாவது ஆட்டத்திலேயே லான்ஸின் கணுக்கால் முறிந்தது. டிசெம்பர் 4ஆம் திகதி மயாமியோடு ஆடும்போது கரோப்போலோவின் பாதம் முறிந்தது. மூன்றாவது ஆளாக ஓரத்தில் நின்ற பேர்டி உள்ளே போனார். அன்று 33–17 என்று வென்றார்கள். அடுத்த ஞாயிறு அவர் முதன்முதலாகத் தொடக்கத்திலிருந்தே ஆடியபோது எதிரில் நின்றவர் இந்த விளையாட்டின் மிகப் புகழ்பெற்ற குவாட்டர்பேக்கான 45 வயது டொம் பிரேடி. பேர்டி பிறந்தது 1999 டிசெம்பர் 27. பிரேடி தொழில்முறைக்குத் தெரிவானது 2000 ஏப்ரலில், அதுவும் 199ஆவது ஆளாக. குழந்தை குப்புற விழும் வயதில் இருந்தபோது தொழிலைத் தொடங்கியவரை அந்தக் குழந்தை வளர்ந்து வந்து 35–7 என்று தோற்கடித்தது. பருவகாலத்தில் தொடங்கிய ஐந்து ஆட்டங்களிலும் வெற்றி. பின்னர் சியாட்டிலையும் டலஸையும் வெளியேற்றி அரையிறுதிக்குச் சமமான கட்டத்துக்கு அணி வந்தது.

அங்கேதான் அடி விழுந்தது. 2023 ஜனவரி 29, பிலடெல்பியாவில் பந்தை எறியக் கை ஓங்கிய நொடியில் எதிரணி வீரர் கையில் மோத, வலது முழங்கையின் உட்பக்கத் தசைநார் கிழிந்தது. மாற்று ஆட்டக்காரருக்கும் தலையில் அடிபட்டதால், எறிய முடியாத கையோடு பேர்டியே மீண்டும் உள்ளே நிற்க வேண்டியதாயிற்று, 31–7 தோல்வி. அந்த அவலத்தைப் பார்த்த பிறகுதான் அவசரத்துக்கு மூன்றாவது குவாட்டர்பேக் ஒருவரை வைத்திருக்க இடமளிக்கும் விதியை அதே ஆண்டு மே மாதம் திரும்பக் கொண்டுவந்தார்கள். மார்ச்சில் சத்திரசிகிச்சை. செப்டெம்பரில் முதல் ஆட்டத்துக்கே வந்து நின்றார். அந்தப் பருவகாலத்தில் எறிந்து முன்னேறியது 4,280 யார்ட், 31 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது, நம் கோல் மாதிரி), எறிதலின் தரத்தை அளக்கும் புள்ளியில் 113.0 என்று முழு லீக்கிலும் முதலிடம். இறுதிப் போட்டியில் கன்சாஸ் சிட்டியிடம் மேலதிக நேரத்தில் 25–22 என்று தோற்றார். அந்தப் போட்டி நடந்த லாஸ் வேகஸ் நகரத்தில்தான் 2022இல் அவர் பெயரைக் கடைசியாக வாசித்ததும் நடந்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. குவாட்டர்பேக்கின் வேலை எறிவது என்று நாம் நினைக்கிறோம். எறிவது கடைசி வேலை. நம் கரையில் கரைவலை இழுக்கும் இடத்தில் மண்டாடி என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். நீரின் நிறத்தைப் பார்த்து, கூட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கணித்து, வலையை எங்கே வளைப்பது என்று சொல்ல வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் மீன் போய்விடும். இவருடைய கதையும் அதுவே. பயிற்றுநரின் குரல் தலைக்கவசத்துக்குள் ஒலிபெருக்கியில் வரும். அடுத்த நகர்வைத் தொடங்குவதற்கான 40 வினாடிக் கடிகாரத்தில் 15 வினாடி மீதமிருக்கும்போது அந்தக் குரல் நின்றுவிடும். அதன் பிறகு எதிரணி நிற்கும் ஒழுங்கைப் படித்துத் தேவையானதை மாற்றிச் சொல்வதும், பந்து கைக்கு வந்து ஏறக்குறைய மூன்று வினாடிக்குள், ஓடுகிறவர் இன்னும் போய்ச் சேராத இடத்துக்கு அதை அனுப்புவதும் அவர் பொறுப்பு. தெரிவாளர்களால் உயரத்தை அளக்க முடிகிறது, எறியும் வேகத்தை அளக்க முடிகிறது. அந்த மூன்று வினாடிக்குள் ஒருவரின் மனம் என்ன செய்கிறது என்பதற்கு அளவுகோல் இல்லை. பேர்டி உயரத்திலும் கையின் பலத்திலும் நடுத்தரமானவர். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடி 46 ஆட்டங்களைத் தொடங்கியவர். லான்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது 17 ஆட்டங்கள் மட்டுமே; பெருந்தொற்றுக் காலத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஆட்டம். எனக்குத் தெரிந்தவரை வேறுபாட்டின் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது.

---

கிண்ணியாக் கணக்கர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் கணிதம் கற்பிக்கிறவன். எனக்கு இந்த விளையாட்டில் பிடித்ததே அதன் கணக்குதான். நிலாவெளி நண்பர் ஆட்டத்தைச் சொன்னார், நான் பணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் பணத்தைச் சொல்லாமல் இந்தக் கதை பாதிதான்.

புதிதாகத் தெரிவாகும் ஒருவருக்கு என்ன சம்பளம் என்பது அவர் எத்தனையாவது ஆள் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பின் அங்கே பேரம் பேச அதிக இடமில்லை. 2023 தெரிவில் முதலாமவராக வந்த பிரைஸ் யங்குக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 38 மில்லியன் டொலர். கடைசி ஆளான பேர்டிக்கு 2023இல் அடிப்படைச் சம்பளம் 870,000 டொலர். நம் ரூபாயில் அது இருபத்தைந்து கோடியைத் தாண்டும், வாய் பிளக்கலாம். ஆனால் அந்த ஆண்டு ஓர் அணி மொத்த ஆட்டக்காரர்களுக்கும் செலவிடக்கூடிய உச்சவரம்பு 224.8 மில்லியன். அதாவது லீக்கில் முதல் தரத்தில் எறிந்தவருக்கு அணியின் பணப்பெட்டியில் போன பங்கு அரை வீதத்துக்கும் குறைவு. அவர் அப்போது சக ஆட்டக்காரர் ஒருவரோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டு இருந்தார்.

இதன் விளைவு என்ன? மற்ற அணிகள் குவாட்டர்பேக் ஒருவருக்கே 40, 50 மில்லியன் கொடுத்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் அந்தப் பணத்தை அவரைச் சுற்றி நிறுத்தினார்கள்: பந்தை ஏந்தி ஓடக் கிறிஸ்டியன் மக்கஃப்ரி, எறிவதைப் பிடிக்க டீபோ சாமுவேல், ஜோர்ஜ் கிட்டில், இடப்பக்கத்தைக் காக்க ட்ரென்ட் வில்லியம்ஸ். ஆகவே ‘இது பேர்டியின் திறமையா, சுற்றி நிற்பவர்களின் திறமையா’ என்று அங்கே ஓயாமல் சண்டை போட்டார்கள். 2024இல் அதற்கு ஒரு சோதனை தானாகவே வந்தது. மக்கஃப்ரி நான்கு ஆட்டங்களோடு நின்றார், பந்து பிடிப்பாளர் பிரண்டன் ஐயூக்கின் முழங்கால் போயிற்று, பேர்டி 20 டச்டவுனும், எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்ட 12 பறிகொடுப்பும் என்று இறங்கினார், அணி 6 வெற்றி 11 தோல்வியில் முடிந்தது. கணக்கின் இருபக்கமும் சமன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அணியின் கணக்கு வேறு விதமாக இருந்தது: 2025 மே மாதம் ஐந்து ஆண்டுகளுக்கு 265 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். தெரிவானவர் மூன்று பருவகாலங்கள் முடிக்கும்வரை புதிய ஒப்பந்தம் செய்யக்கூடாது என்பது விதி. அந்த மூன்று முடிந்த முதல் வசந்தத்திலேயே கையெழுத்து.

சராசரியாக ஆண்டுக்கு 53 மில்லியன். 2025இன் உச்சவரம்பு 279.2 மில்லியன். அரை வீதத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு ஒரே தாவலில் வந்துவிட்டார் (உண்மையில் ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதுவார்கள், அந்தச் சூட்சுமம் இங்கே வேண்டாம்). டீபோ சாமுவேல் அந்த வசந்தத்தில் வொஷிங்டனுக்குப் போனதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். மலிவாக இருந்தபோது கிடைத்த துணை, விலை ஏறியபின் கிடைக்காது.

---

உவர்மலையான் எழுதியது:

நிலாவெளித் தம்பிக்கும் கிண்ணியா ஆசிரியருக்கும் நன்றி. இருவரும் எழுதியதை அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்தே காட்டினேன். அவர் கேட்ட கேள்வியை அப்படியே போடுகிறேன்: ‘அப்போ, முன்னால நிண்ட ரெண்டு பிள்ளையளுக்கும் கால் முறியாமல் இருந்தால்?’

எனக்கும் அதே ஐயம்தான். லான்ஸ் என்பவர் பிறகு என்ன ஆனார்? நம் பக்கத்திலும் மாவட்டத் தெரிவுகளில் முதல் பெயராக வாசிக்கப்பட்டு, ஒரு காயத்தோடு மறக்கப்பட்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். கடைசி ஆள் மேலே வந்த கதையைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

---

தம்பலகாமத்தான் (ரொறன்ரோ) எழுதியது:

அண்ணா, அக்காவின் கேள்விதான் சரியான கேள்வி. லான்ஸ் நான்கு ஆட்டங்களைத் தொடங்கியதோடு அந்த அணியில் அவருடைய காலம் முடிந்தது. 2023 ஓகஸ்டில் ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு அவரை டலஸுக்கு அனுப்பினார்கள். மூன்று முதற்சுற்று உரிமைகளுக்கு வாங்கியதை ஒரு நான்காம் சுற்றுக்கு விற்றார்கள். அந்தப் பிள்ளை செய்த பிழை என்ன என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவர் பிழை செய்வதற்கு வேண்டிய ஆட்டங்களே அவருக்குக் கிடைக்கவில்லை.

பிரைஸ் யங்கின் கதை இன்னும் கசப்பானது. அலபாமாவில் பல்கலைக்கழக விளையாட்டின் மிகப் பெரிய விருதை 2021இல் வென்றவர். 2023இல் இவரை முதல் ஆளாக எடுப்பதற்காகக் கரோலைனா அணி சிக்காகோவுக்குப் பல தெரிவு உரிமைகளோடு தன் மிகச் சிறந்த பந்து பிடிப்பாளரான டி.ஜே. மூரையும் கொடுத்தது. அதாவது எறிகிறவரை வாங்க, அவர் எறிவதைப் பிடிக்கிறவரை விற்றார்கள்! வந்த முதலாண்டில் 62 தடவை பந்தோடு வீழ்த்தப்பட்டார். பதினொரு ஆட்டங்களில் தலைமைப் பயிற்றுநரை நீக்கினார்கள். 2 வெற்றி 15 தோல்வி. அந்த மோசமான முடிவின் பயனாக அடுத்த ஆண்டின் முதல் தெரிவு உரிமை கரோலைனாவுக்கு வந்திருக்க வேண்டும், ஆனால் அதையும் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்ததால் சிக்காகோ அதை வைத்துக் கேலப் வில்லியம்ஸை எடுத்தது. எல்லாரும் யங்கின் உயரத்தைக் குறை சொன்னார்கள், சுமார் 178 சென்ரிமீற்றர்தான். 2024இல் இரண்டே ஆட்டங்களுக்குப் பின் அவரை வெளியே இருத்தினார்கள். ஆறு வாரங்களுக்குள் அவருக்குப் பதிலாக ஆடிய மூத்தவர் வீதி விபத்தில் கைவிரலில் காயப்பட, யங் திரும்ப வந்து, பருவகாலத்தின் கடைசி நாளில் அட்லான்டாவை மேலதிக நேரத்தில் 44–38 என்று வென்றபோது மூன்று டச்டவுன்களை எறிந்து, இரண்டைத் தானே ஓடிப் பெற்றார். உயரம் அதே 178தான்.

சாம் டார்னோல்டையும் சொல்லாமல் விட முடியாது. 2018இல் மூன்றாவது ஆளாக நியூயோர்க்குக்குப் போய், தோற்று, கரோலைனாவிலும் தோற்று, 2023இல் பேர்டிக்குப் பின்னால் மாற்று ஆளாக ஓராண்டு நின்றவர். மறு ஆண்டு மினசோட்டாவில் 14 வெற்றி. அந்த ஓராண்டு எந்தப் பயிற்றுநரிடம் நின்றார் என்பதைக் கவனியுங்கள்: பேர்டியை வளர்த்த அதே கைல் ஷனஹன்.

ஆகவே அக்காவுக்கு என் பதில்: கால்கள் முறியாமல் இருந்திருந்தால் பேர்டியின் பெயரை நாம் கேள்விப்பட்டிருக்க மாட்டோம் என்பது மெத்தச் சரி. ஆனால் கால்கள் முறிந்த நாளில் வேறொருவர் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

மருமகனின் விடயத்துக்கு வருகிறேன், நான் இந்த ஊரில் பிள்ளைகளை வளர்க்கிறவன். ஒன்ராறியோப் பாடசாலைகளில் பெரும்பாலும் ஆடப்படுவது கனடிய முறை: பன்னிரண்டு பேர், பத்து யார்ட் முன்னேற மூன்று வாய்ப்பு, பெரிய மைதானம். அமெரிக்க முறையில் பதினொரு பேர், நான்கு வாய்ப்பு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இங்கிருந்து குவாட்டர்பேக்கைத் தேடி வருவது அபூர்வம். ஆனால் நடக்காததல்ல. இங்கே பக்கத்தில் ஓக்வில்லில் வளர்ந்த ரூர்க் சகோதரர்களைப் பாருங்கள். மூத்தவர் நேதன் பாடசாலையின் கடைசி ஆண்டை அலபாமாவில் படித்து, கன்சாஸில் ஒரு சிறு கல்லூரிக்குப் போய், பிறகு ஒஹாயோ பல்கலைக்கழகத்துக்கு வந்து, அங்கிருந்து கனடிய லீக்கில் பெயரெடுத்தவர். இளையவர் கேர்ட்டிஸ் ஒஹாயோவிலும் கடைசியாக இண்டியானாவிலும் ஆடினார். 2024 பருவகாலம் முழுவதையும் முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலேயே ஆடி முடித்தார். 2025 தெரிவில் அவரை ஏழாம் சுற்றில், 227ஆவது ஆளாக எடுத்த அணி எது என்று உங்கள் மருமகனிடம் கேளுங்கள், பேர்டியின் அணியேதான். இவர்கள் எல்லாரும் பல்கலைக்கழகம் வழியாகப் போனவர்கள், அதற்கு உள்ளே நுழையப் பாடசாலைப் புள்ளிகள் வேண்டும். படிப்பா ஆட்டமா என்று வீட்டில் நடக்கும் சண்டைக்கு இந்த நாட்டில் இடமே இல்லை, அண்ணா. இரண்டும் ஒரே விண்ணப்பத்தில்தான் போகின்றன.

---

உவர்மலையான் எழுதியது:

தம்பலகாமத்துத் தம்பி எழுதியதை மருமகனுக்கே அனுப்பிவைத்தேன். ரூர்க் சகோதரர்களைப் பற்றி அவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. பிறகு இரவில் எடுத்து, ‘மாமா, ஒண்டு சொல்லுறன், அம்மாட்ட சொல்ல வேண்டாம்’ என்று தொடங்கினான். அவன் பாடசாலை அணியின் முதலாவது குவாட்டர்பேக் அல்லனாம். இரண்டாவது ஆளாம். கடந்த பருவகாலத்தில் மொத்தமாகப் பத்து நிமிடம்கூட ஆடவில்லையாம். பேர்டியை அவன் ஏன் இப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அக்காவிடம் சொல்லவில்லை. இரண்டாவது ஆளாக இருக்கிறவன் அந்த நாட்களில் செய்யக்கூடியது என்ன என்று இனிக் கேட்கிறேன். ஓரத்தில் நின்று பார்ப்பதுதானா?

---

நிலாவெளி நேயர் எழுதியது:

இல்லை அண்ணா. பயிற்சி நாட்களில் மாற்று ஆளுக்கு ஒரு வேலை உண்டு. அந்த வாரம் எதிர்கொள்ளப்போகும் அணியின் குவாட்டர்பேக்காக அவர் நடிக்க வேண்டும். அவரைப் போலவே அழைத்து, அவரைப் போலவே எறிந்து, சொந்த அணியின் தடுப்பு வரிசைக்குப் பழக்கம் கொடுக்க வேண்டும். 2022இன் முதல் மூன்று மாதங்களில் பேர்டி செய்தது அதுதான். அவருக்கு எதிரில் நின்ற தடுப்பு வரிசையோ அந்த ஆண்டு லீக்கிலேயே மிகச் சிறந்தது. தடுப்பாட்டக்காரர்களுக்குத்தான் அவரை முதலில் தெரியும். பயிற்சியில் தங்களுக்கு எதிராகத் துணிந்து எறிகிற அந்த மூன்றாவது ஆளைப் பற்றி அவர்கள் டிசெம்பருக்கு முன்னரே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மருமகனின் பாடசாலையிலும் அந்த வேலை இருக்கும். வாரத்தில் எத்தனை நாள் அதைச் செய்கிறான், எதிரணியின் காணொளியை யார் அவனுக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கொடுப்பதில்லை என்றால் பயிற்றுநரிடம் அவனே போய்க் கேட்கட்டும்.

---

உவர்மலையான் எழுதியது:

கேட்டேன். செவ்வாயும் வியாழனும் செய்கிறானாம். காணொளி கேட்க வெட்கமாக இருந்ததாம். இந்த வாரம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறான்.